ஆயில், ஃபில்டர், கூலண்ட்: பெங்களூரில் சொந்தமாகக் காரைப் பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு

காரைச் சொந்தமாகப் பார்த்துக்கொள்வது என்றதும் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கிரீஸ் கையோடு உட்கார்ந்திருப்பதுதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும், எந்த ஆயில் வாங்குவது என்று தெரிய வேண்டும், ஃபில்டரை மாற்றத் தெரிய வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முதல் இரண்டு தெரிந்தாலே அடுத்த முறை சர்வீஸ் பில் கைக்கு வரும்போது எந்த வரிக்குக் காசு கொடுக்கலாம், எந்த வரியை அடிக்கச் சொல்லலாம் என்று உங்களுக்கே புரிந்துவிடும். ஸ்பேனரையே தொடாவிட்டாலும் லாபம்தான்.

வண்டி இன்னும் வாரன்டியில் இருக்கிறதா? அப்படியானால் ஆயில் மாற்றும் வேலையை ஷோரூமிலேயே விட்டுவிடுங்கள். நாளைக்கு இன்ஜினில் ஏதாவது கோளாறு வந்தால், வெளியில் ஆயில் மாற்றினீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பது வீண் வேலை. அளவு பார்ப்பது, ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் மாதிரியான சின்ன வேலைகளை வாரன்டி காலத்திலும் தயங்காமல் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். பல வண்டிகளில் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, புத்தகம் வரவில்லை என்றால் கம்பெனியின் இணையதளத்திலேயே பெரும்பாலும் கிடைக்கும், உங்கள் வண்டியின் வருடத்துக்கும் இன்ஜினுக்கும் உரியதுதானா என்று மட்டும் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கங்களில் ஆயில், கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில் ஒவ்வொன்றும் எந்த ரகம், எத்தனை லிட்டர் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி கடைக்காரர் சொல்வது, பக்கத்து ஃப்ளாட் அண்ணன் சொல்வது, நான் சொல்வது எல்லாமே அந்தப் பட்டியலுக்குக் கீழேதான்.

கிலோமீட்டர் கணக்கு இந்த ஊரில் ஏமாற்றும்

பெரும்பாலான கம்பெனிகள் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்கின்றன. அதே மேனுவலில் சில பக்கம் தள்ளி, கடுமையான பயன்பாட்டுக்கு என்று இன்னொரு அட்டவணையும் இருக்கும். நின்று நின்று போவது, நெடுநேரம் ஐடிலில் நிற்பது, தூசியான ரோடு, இன்ஜின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குட்டிக் குட்டிப் பயணங்கள், இதெல்லாம்தான் கடுமையான பயன்பாடு. படித்தால் நம்ம சில்க் போர்டு சிக்னல் நெரிசலைப் பார்த்து எழுதியது போலத்தான் தோன்றும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தில் தினமும் ஆபீஸ் போய் வருகிறவரின் வண்டி 5,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது இன்ஜின் ஏறத்தாழ 333 மணி நேரம் சுற்றியிருக்கும். அதே 333 மணி நேரம் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று ஹைவேயில் சராசரி 60-இல் ஓடியிருந்தால் 20,000 கிலோமீட்டர் வந்திருக்கும். ஆயிலுக்குத் தெரிவது எத்தனை நேரம் வெந்தோம், எத்தனை முறை குளிர்ந்து சூடானோம் என்பதுதான், மீட்டரில் ஓடும் எண் அதற்குத் தெரியாது. அதனால் வண்டி முழுக்க முழுக்க ஊருக்குள்ளேயே ஓடுகிறது என்றால் கடுமையான பயன்பாட்டு அட்டவணையைப் பின்பற்றுங்கள். வண்டி ஓடுவதே இல்லை, பேஸ்மென்ட்டில் நிற்கிறது, மாதம் ஒரு முறை கோயிலுக்குப் போவதோடு சரி என்றாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றத்தான் வேண்டும். சரியாகச் சூடாகாத இன்ஜினில் ஈரமும் கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கிவிடும்.

கருவி எதுவும் இல்லாமல் செய்வது

பானட்டைத் திறந்து பார்த்துப் பழகுவதுதான் முதல் பாடம். மாதம் ஒரு முறை, காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பு, சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் சில இடங்கள் தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகக் கட்டப்பட்டிருக்கும், அங்கே அளவு தவறாகக் காட்டும்.

டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை, உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுக்க உள்ளே விட்டு, வெளியே எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் இருந்தால் நல்லது, மேல் குறிக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கீழ் குறியைத் தொட்டுவிட்டது என்றால் கொஞ்சம் ஊற்ற வேண்டும், ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆயில் கருப்பாவது அது அழுக்கைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம், டீசல் வண்டியில் புது ஆயில்கூட சில நூறு கிலோமீட்டரில் கருத்துவிடும். விரலில் தேய்த்துப் பார்த்து ‘சத்து போயிடுச்சு சார்’ என்று சொல்லும் மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் கூலண்ட் உள்ளே கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், வண்டியைக் கிளப்பாமல் டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெள்ளை ஏடு படிந்திருந்து, கூலண்ட் அளவும் குறையாமல் இருந்தால் அது மழைக்காலத்தில் குட்டிப் பயணங்களால் வரும் ஈரம். ஒரு நாள் நைஸ் ரோட்டிலோ ஹைவேயிலோ அரை மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

அப்படியே கூலண்ட் டப்பாவில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற கோடுகளுக்கு நடுவில் அளவு இருக்கிறதா, பிரேக் ஆயில் டப்பாவிலும் அதே போல இருக்கிறதா என்று ஒரு பார்வை. வைப்பர் தண்ணீர் டப்பாவில் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள், இந்த ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு அந்தச் சின்னத் துளையை அடைத்துவிடும். சமையலறை ஆர்ஓ தண்ணீர் போதும்.

ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும்

கையைப் பழக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. இன்ஜின் ஏர் ஃபில்டர் ஒரு கருப்புப் பெட்டிக்குள் இருக்கும், நாலு கிளிப்போ நாலு ஸ்க்ரூவோதான். ஏசி ஃபில்டர் பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால், அந்தப் பெட்டியை இரண்டு பக்கமும் அமுக்கினால் கீழே இறங்கிவிடும். காற்று போகும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும், பழையதைக் கழற்றும்போதே அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் படம் எடுத்துவிடுங்கள். மெட்ரோ வேலை, ரோடு தோண்டும் வேலை நடக்கும் பக்கம் குடியிருந்தால் அட்டவணையில் சொன்னதைவிடச் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. மெதுவாகத் தட்டலாம், தட்டியும் சாம்பல் நிறம் போகவில்லை என்றால் புதிதாக வாங்கி மாட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் சர்வீஸ் சென்டரில் தனியாகக் கூலி போடுகிறார்களா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

ஆயில் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது

ஆயில் கடையில் போய் ‘நல்ல ஆயிலாக ஒன்று கொடுங்க’ என்று கேட்பது, மெடிக்கல் ஷாப்பில் நல்ல மாத்திரை கேட்பது மாதிரிதான். இரண்டு விஷயம் பொருந்த வேண்டும்: கனம், தரம்.

கனம் என்பது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று எழுதியிருக்கும் எண். முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது, சின்ன எண் என்றால் இலகுவாக ஓடும். பின்னால் உள்ளது இன்ஜின் சூடான பிறகு, அதாவது 100 டிகிரியில், அதன் கனம். டிசம்பர், ஜனவரி விடியலில் பெங்களூரில் 12, 13 டிகிரிக்கு இறங்குவதே பெரிய பேச்சு, அதனால் குளிர் நமக்குப் பிரச்சினையே இல்லை, 0 ஆனாலும் 5 ஆனாலும் தாங்கும். குழப்பம் வருவது பின்னால் உள்ள எண்ணில்தான்.

‘நம்ம ஊர் வெயிலுக்கு 20 எல்லாம் தண்ணி சார், 40 போடுங்க, 50 போடுங்க’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வெயில் 25 ஆனாலும் 38 ஆனாலும் தெர்மோஸ்டாட் கூலண்டை 90 டிகிரி வாக்கில்தான் வைத்திருக்கும், வெளியே அடிக்கும் வெயிலைவிட வண்டியின் வடிவமைப்புதான் இங்கே பேசுகிறது. இன்றைய சின்ன பெட்ரோல் இன்ஜின்களில் உள்ளே இடைவெளிகள் மிகக் குறைவு, வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, மெல்லிய ஆயிலை மனதில் வைத்துத்தான் பம்ப்பையும் வழிகளையும் அமைத்திருக்கிறார்கள். 0டபிள்யூ-16 கேட்கும் வண்டியில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் கிளப்பியதும் மேல்பகுதிக்கு ஆயில் போய்ச் சேர நேரமாகும், மைலேஜும் குறையும். சில மேனுவல்களில் வெப்பநிலை அட்டவணை போட்டு, 0டபிள்யூ-20 இல்லாவிட்டால் 5டபிள்யூ-30 போடலாம் என்று அவர்களே அனுமதிப்பார்கள். அந்த அளவுக்கு மாறலாம், அதைத் தாண்டிச் சொந்த ஆராய்ச்சி வேண்டாம்.

தரம் என்பது ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் சுருக்கம்) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வருவது. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல், சி என்று தொடங்கினால் டீசல். பெட்ரோலில் இரண்டாவது எழுத்து ஆங்கில அகரவரிசையில் பின்னால் போகப் போகப் புதியது. எஸ்என், அதற்குப் பிறகு 2020-இல் வந்த எஸ்பி. மேனுவல் எஸ்என் கேட்டால் எஸ்பி தாராளமாகப் போடலாம், தலைகீழாகப் போடக்கூடாது. டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் எஸ்பியே வாங்குங்கள். குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது பிளக் பொறி வைக்கும் முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் தொல்லை அந்த இன்ஜின்களில் உண்டு, அதைக் கட்டுப்படுத்தும் சோதனை எஸ்பியில் சேர்ந்திருக்கிறது.

டீசல்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகை மாசு விதி கட்டாயமான பிறகு வந்த டீசல் கார்களில் பெரும்பாலும் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கும். சாதாரண டீசல் இன்ஜின் ஆயில் எரியும்போது விட்டுப்போகும் சாம்பல் அதில் அடைத்துக்கொள்ளும். கரியை அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும், சாம்பலை எரிக்க முடியாது. அதனால் மேனுவலில் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகள் சங்கத்தின் தரம்) சி2, சி3 என்று குறைந்த சாம்பல் ஆயில் கேட்டிருந்தால் டப்பாவில் அதே எழுத்துகள் இருக்க வேண்டும். விலை கூடத்தான், ஆனால் டிபிஎஃப் மாற்றும் செலவைக் கேட்டால் ஆயில் விலை மறந்துபோகும்.

மினரலா சிந்தெட்டிக்கா என்று நெடுநேரம் வாதம் நடக்கும். 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ரகங்கள் நடைமுறையில் சிந்தெட்டிக்காகத்தான் வருகின்றன, அங்கே கேள்வியே இல்லை. பழைய வண்டிக்கு, மேனுவல் அனுமதித்தால், மினரல் போட்டுச் சீக்கிரம் மாற்றுவதிலும் தப்பில்லை, இத்தனை நாள் மினரல் ஓடிய வண்டியில் சிந்தெட்டிக் போடுவதிலும் தப்பில்லை. பிராண்டு பற்றி நான் சண்டை போடுவதில்லை. கேஸ்ட்ரால், ஷெல், மொபில், சர்வோ, கார் கம்பெனியின் பெயரிலேயே வருவது, எதுவானாலும் கனமும் தரமும் பொருந்தினால் சரி. அதோடு சேர்த்து ஊற்றச் சொல்லும் குட்டி பாட்டில் மருந்துகள், இன்ஜின் ஃப்ளஷ், கோட்டிங் எல்லாம் மேனுவல் கேட்காத வரை உங்களுக்கும் வேண்டாம்.

மிச்சமாகும் அரை லிட்டரை பைக்கில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, அதற்கு ஜாஸோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரம் போட்ட ஆயில் வேண்டும். கார் ஆயில் போட்டால் கிளட்ச் வழுக்கத் தொடங்கலாம். சின்ன பாட்டிலுக்கு மாற்றி, மூடியை இறுக்கி டிக்கியில் வையுங்கள், டாப்-அப்புக்கு ஆகும்.

ஆயில் ஃபில்டர்

சின்ன கார்களில் பெரும்பாலும் டப்பா மாதிரி திருகி மாட்டும் ஃபில்டர்தான். சிலவற்றில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் காகிதச் சுருள் மட்டும் இருக்கும். அதோடு வரும் ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா டப்பாவும் ஒன்றுதான், மரையும் ஒன்றாகவே இருக்கும், வித்தியாசம் உள்ளே. வண்டியை நிறுத்தியதும் ஃபில்டரில் உள்ள ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்க ஒரு ரப்பர் தடுப்பு உண்டு. மட்டமான ஃபில்டரில் அது சீக்கிரம் கெட்டியாகி ஒழுகும், காலையில் கிளப்பும்போது ஓரிரு நொடி இன்ஜின் மேல்பகுதியில் கடகடவென்று சத்தம் வரும். இன்னொன்று பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டால் வடிகட்டாத ஆயிலையாவது உள்ளே அனுப்பி இன்ஜினைக் காப்பாற்றுவதற்கு அது. எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அதனால் மரை சேர்கிறது என்பதற்காக வேறு வண்டியின் ஃபில்டரைப் போடக்கூடாது. பெரிய டப்பா நிறைய வடிகட்டும் என்று மாட்டுபவர்களும் உண்டு, வேண்டாத வேலை. வண்டிக் கம்பெனியின் பார்ட், இல்லாவிட்டால் உங்கள் மாடலுக்கு என்று போட்டிருக்கும் பாஷ், மான், மாலே, ப்யூரோலேட்டர், எலோஃபிக், இதில் எது கிடைத்தாலும் போதும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், ஆயில் விலையோடு பார்த்தால் அது பெரிய காசு இல்லை.

வாங்க ஜேசி ரோடு போகலாம். ஸ்பேர்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும், பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை போங்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பார்க்கிங் தேடியே பொழுது போய்விடும். மாடல் பெயரும் வருடமும் மட்டும் சொன்னால் போதாது, ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணையும் பார்ட் நம்பரையும் கையில் வைத்திருங்கள். ஒரே பெயரில் ஒரே வருடத்தில் இரண்டு இன்ஜின் வந்த வண்டிகள் உண்டு. அந்தப் பக்கம் ஒரிஜினலும் இருக்கும், ஒரிஜினல் மாதிரியும் இருக்கும். எம்ஆர்பி ஒட்டி, அச்சு மங்காமல், சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, பில் கேளுங்கள். பில் தர மறுத்தால் நடையைக் கட்டுங்கள். ஆயில் டப்பாவில் மூடிக்குக் கீழே உள்ள சீலையும், ஸ்கேன் செய்யும் கட்டம் இருந்தால் அதையும் கடையிலேயே பாருங்கள். காலி டப்பாவைக் குத்திக் கிழித்துவிட்டுப் போடுங்கள், போலி ஆயில் நிரப்புபவர்களுக்கு அதுதான் முதலீடு.

மாற்றும் வேலை

முதல் முறை செய்பவர் காலை நேரத்தில் தொடங்குங்கள், அன்றைக்கு வேறு எங்கும் போக வேண்டிய வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் அசோசியேஷனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பல இடங்களில் பேஸ்மென்ட்டில் வண்டி வேலை பார்க்க விடுவதில்லை, டைல்ஸில் ஆயில் கறை பட்டால் அதன்பிறகு வாட்ஸாப் குழுவில் உங்கள் பெயர்தான். கீழே பழைய அட்டைப்பெட்டியை விரித்து அதன்மேல் நாலு மடிப்பாகப் பழைய தினத்தந்தி போடுங்கள்.

தேவையானவை: ஆயிலை வடிக்க அடியில் உள்ள டிரெயின் போல்ட்டுக்குச் சேரும் ரிங் ஸ்பேனர் (பல வண்டிகளில் 14 அல்லது 17), ஃபில்டர் கழற்றும் கப், ஐந்து லிட்டராவது பிடிக்கும் அகலத் தட்டு, புனல், புது வாஷர், கையுறை, வேஸ்ட் துணி. வண்டியைத் தூக்க இரண்டு ரேம்ப், அல்லது ட்ராலி ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டும். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். வெறும் ஜாக்கியை நம்பி, அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. செங்கல்லை அடுக்கி வைப்பதும் கூடாது, அது பாரத்தில் நொறுங்கும். ஸ்டாண்ட் வாங்கக் காசு இல்லை என்றால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி, ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே வாங்கிக்கொண்டு போய், பக்கத்தில் நின்று பாருங்கள்.

இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டு, அணைத்து, பத்து நிமிடம் பொறுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும், கொதிக்கக் கொதிக்க இருந்தால் கையைச் சுட்டுவிடும். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துங்கள். கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் இறக்கி மறுபடி நிறுத்துங்கள். மேலே ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள்.

அடியில் போனதும் அவசரப்படாதீர்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி டிரெயின் போல்ட் உண்டு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தப்பானதைத் திறந்தால் கியர் ஆயில் கீழே, அதற்கு மேல் இன்ஜினில் இரண்டு மடங்கு ஆயில் மேலே. ஃபில்டர் மாட்டியிருக்கும் பக்கமும் டிப்ஸ்டிக் இறங்கும் பக்கமும் இன்ஜின், கிளட்ச்சோடு சேர்ந்திருப்பது கியர்பாக்ஸ். மேனுவல் படத்தையும் ஒப்பிட்டு உறுதி செய்த பிறகே ஸ்பேனரை வையுங்கள்.

போல்ட் தலையை நேராகப் பார்த்தபடி கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். கடைசி மரைகளைக் கையால் கழற்றி, கையைச் சட்டென்று விலக்கிக்கொள்ளுங்கள், ஆயில் முதலில் நேராக விழாமல் கொஞ்சம் தள்ளிப் பீறிடும், தட்டை அதற்கேற்ப வையுங்கள். பதினைந்து நிமிடம் சொட்டட்டும். சொட்டும்போதே ஃபில்டரைக் கழற்றலாம், அதற்குள்ளும் ஆயில் இருக்கும், தட்டு அதற்குக் கீழேயும் வேண்டும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் சேர்ந்து, கிளப்பியதும் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். இடத்தைத் துடைத்து, புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் புது ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்டதும் அதற்கு மேல் முக்கால் சுற்று, டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. கருவி போட்டு இறுக்க வேண்டாம், அடுத்த முறை கழற்றப் போவதும் நீங்கள்தான்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதலில் விரலாலேயே சில மரை ஏற்றுங்கள். நேராக ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். அடியில் ஆயில் தங்கும் தொட்டியான அலுமினிய சம்ப்பில் மரை போனால் அது பெரிய செலவு. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இருந்தால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள், பல சின்ன கார்களில் அது 35, 40 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான் இருக்கும், பலத்தையெல்லாம் காட்ட வேண்டியதில்லை.

வண்டியை இறக்கி, மேனுவல் சொல்லும் அளவைவிட அரை லிட்டர் குறைவாக முதலில் ஊற்றுங்கள். சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று, மூன்றரை லிட்டர் வாக்கில் பிடிக்கும், நாலு லிட்டர் டப்பா வாங்கினேன் என்று நாலையும் ஊற்றிவிடக் கூடாது. அளவு மீறினால் இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை பம்ப்புக்குள் போனால் அழுத்தம் நிற்காது, சீல்களும் ஒழுகலாம். கொஞ்சம் பொறுத்து டிப்ஸ்டிக் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சேர்த்து, மூடியைப் போடுங்கள். பிறகு கிளப்புங்கள், ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓட்டி, போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி டிப்ஸ்டிக். புது ஃபில்டர் கொஞ்சம் ஆயிலைக் குடித்திருக்கும், அதற்கு ஏற்றபடி ஊற்றுங்கள். மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள்.

தேதி, மீட்டர் ரீடிங், ஆயில் ரகம், ஃபில்டர் பார்ட் நம்பர் இவற்றை ஒரு நோட்டில் எழுதி பில்லையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். வண்டியை விற்கும்போது இந்த நோட்டு பேசும்.

பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி (இந்த டப்பாவை மட்டும் இப்போது கிழிக்க வேண்டாம்), பெரிய கராஜில் கொடுங்கள். சட்டப்படி அது அபாயகரமான கழிவு, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களுக்கு அங்கிருந்து போகும். சாக்கடையில் ஊற்றினால் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாய் வழியாக ஏதோ ஒரு ஏரிக்குத்தான் போய்ச் சேரும், பெள்ளந்தூர் ஏரிக்கு நாம் செய்தது போதும்.

கூலண்டும் பிரேக் ஆயிலும்

கூலண்டின் நிறம் தரத்தைச் சொல்லாது. நீலம், பச்சை, சிவப்பு என்பது கம்பெனி போடும் சாயம், இரண்டு பச்சைகளுக்குள்ளேயே வேறு வேறு ரசாயனம் இருக்கும், கலந்தால் அரிப்பைத் தடுக்கும் மருந்து வேலை செய்யாமல் போகலாம். உங்கள் வண்டிக் கம்பெனி சொல்லும் ரகத்தையே, முடிந்தால் தண்ணீர் கலந்தே வருவதை வாங்குங்கள். கெட்டியாக வருவது என்றால் டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி. வெறும் தண்ணீர் போதும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கூலண்ட் அந்த எல்லையை உயர்த்துகிறது, துருவையும் தடுக்கிறது. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருப்பது திறந்த நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும். வழியில் கூலண்ட் தீர்ந்துபோய் வேறு வழியே இல்லை என்றால், ஆறிய பிறகு குடிதண்ணீர் ஊற்றிக்கொண்டு கராஜ் வரை போகலாம். மாதாமாதம் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் இல்லை. கீழே சிந்தினால் உடனே கழுவுங்கள், இனிப்புச் சுவை என்பதால் நாய், பூனை நக்கும், அது விஷம்.

பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்றால் ஊற்றுவதற்கு முன்னால் பிரேக் பேடைப் பாருங்கள். பேடு தேயத் தேய டப்பாவில் அளவு தானாக இறங்கும். மேலே ஊற்றி நிரப்பிவிட்டால் அந்த அறிகுறியை நீங்களே மறைத்துவிடுகிறீர்கள். பேடு நன்றாக இருந்தும் இறங்குகிறது என்றால் கசிவு, ஓட்டக்கூடாது. மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று பொறித்திருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான், இவற்றோடு சேராது. இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் திறந்து வைத்த பழைய பாட்டிலை வைத்துக்கொள்ளக் கூடாது, பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றவும் வேண்டும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு வரும், உள்ளே ஆவிக்குமிழி உண்டாகி மிதி பொதபொதவென்று உள்ளே போகும். அந்தப் பக்கம் போகிறவர்கள் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று நோட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். பெயின்ட்டில் சிந்தினால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

அளவு பார்ப்பது உங்கள் வேலை, பிரேக் ஆயிலை மாற்றிக் காற்று எடுப்பது, கூடவே ஒருவர் சொல்லிக்கொடுக்கும் வரை, மெக்கானிக் வேலை. அதே மாதிரி சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலைத் தொடாதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ரகம் உண்டு, சரியான வெப்பநிலையில் வைத்து அளவு பார்க்க வேண்டியவையும் உண்டு. பவர் ஸ்டீயரிங் ஆயில் எங்கே என்று தேடிக் களைக்க வேண்டாம், இப்போதைய சின்ன கார்களில் பெரும்பாலும் மின்சார மோட்டார்தான், ஆயிலே கிடையாது. ஏசி கேஸும் வீட்டு வேலை இல்லை. வருடாவருடம் கேஸ் நிரப்பச் சொன்னால் கேஸ் எங்கே போகிறது என்று கேளுங்கள், மூடிய அமைப்பு அது, ஓட்டை இல்லாமல் அவ்வளவு சீக்கிரம் தீராது.